ஜன்னல் வழியாகப் பார்த்த விரிசல்

உட்காரும்மா, உட்காரு. யாரும் வரல. பைய நான் சும்மாதான் வச்சிருந்தேன். இம்புட்டுப் பேரு கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்களே, இந்த ஒரு சீட்டு மட்டும் ஏன் காலியா இருக்குன்னு பாக்குறியா? மரியாதைதான். துணை தாசில்தார் பக்கத்துல உட்கார இந்த ஊர்க்காரங்களுக்குக் கூச்சம். மூணு வருஷமா இப்படித்தான். கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் ஒருத்தி என் தோள்ல படமாட்டா. எனக்கும் அது வசதியாத்தான் இருக்கு. மீன் வாடை எனக்கு ஆகாது.

டீச்சரா? முனைப்பட்டுல வீடு எடுத்துக்கிட்டு, வேலைக்கு செம்பாக்கோட்டைக்குப் போறியா? யாரு உனக்கு இந்த யோசன சொன்னா? போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி. உப்பங்கழியச் சுத்திக்கிட்டுல்ல போகணும். ரயில் இருந்தப்ப இருபத்திரண்டு நிமிஷம். ஏழு நாப்பது பாசஞ்சர்ல ஏறினா எட்டு ரெண்டுக்கு செம்பாக்கோட்டை. இன்னும் ரெண்டு நாள்ல உங்கிட்ட யாராவது வந்து, 'அந்த தங்கபுஷ்பம் பக்கத்துலயா உட்கார்ந்த? அவதான் ரயில நிறுத்தினவ'ன்னு சொல்லுவாங்க. எவளோ சொல்லி நீ கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன். ரெண்டு மணி நேரம் இருக்குல்ல.

நெடுங்கழிக்கு மேல ரயில் பாலம் ஒண்ணு இருந்துச்சு. வெள்ளக்காரன் காலத்துது. நடுவுல ஒரு துண்டு மட்டும் தூக்குப்பாலம். படகுங்க கடலுக்குப் போகணும்னா சிக்னலச் சிவப்பாக்கி ரயில இந்தப் பக்கமே நிறுத்திருவானுங்க. அப்புறம் பக்கத்துக்கு ஆறு ஆளு நின்னு லிவரப் பிடிச்சுச் சுத்தணும். கையாலதான். இந்தக் காலத்துலயும் கையால. தண்டவாளத்தோட அந்தத் துண்டு ரெண்டாப் பிரிஞ்சு மேல எந்திரிக்கும், படகெல்லாம் உள்ளாற நுழைஞ்சு போகும், அப்புறம் இறக்கிப் பூட்டுவானுங்க. ரயிலுக்குள்ள நாங்க வேர்த்து வடிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். எண்ணூறு பேரு. நாலு படகுக்காக.

அந்தப் பாலத்துக்கு மேஸ்திரி ஒருத்தன். சூசைரத்தினம்னு பேரு. பாலத்த எப்பத் தூக்கணும், எப்ப இறக்கணும், எல்லாம் அவன் கையிலதான். அவன் பொண்டாட்டி பிலோமி. செம்பாக்கோட்டையில ஒரு தையல் கடையில வேலை. தினம் என் கூடத்தான் ரயில்ல வருவா. எனக்கு முன்னாடியே வந்து துண்டப் போட்டு எனக்கும் சேத்து இடம் பிடிச்சு வச்சிருப்பா. அவ ஜன்னல் பக்கம், நான் உள்பக்கம். உப்புக்காத்து எனக்குத் தலைவலி. பத்து வருஷம்மா. நான் கொண்டு போற தோசைய அவ தின்னுவா, அவ கொண்டு வர்ற பனங்கிழங்க நான் தின்னுவேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு இருபத்தோரு ஜாக்கெட் தச்சுக் கொடுத்தா. 'அக்கா, அக்கா'ன்னு உசுர விடுவா. நான் யாரோடயும் பழகறவ இல்ல. ஆனா அவகிட்ட பழகினேன். அத நீ குறிச்சு வச்சுக்க. எம்மேல தப்பு சொல்ற ஒருத்தியும் இதச் சொல்ல மாட்டா.

நான் அப்ப தாலுகா ஆபீஸ்ல உதவியாளர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். துணை தாசில்தார் பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேரு ரெண்டாவது. எல்லாருக்கும் தெரியும், அந்த வருஷம் எனக்குத்தான்னு. மே மாசக் கடைசியில ஜமாபந்தி வந்துச்சு. ஜமாபந்தின்னா தெரியுமா? மேல இருந்து அதிகாரி வந்து உட்கார்ந்து வருஷக் கணக்கு, பட்டா, சிட்டா எல்லாம் ஒண்ணொண்ணாப் பாக்கறது. ஊர் ஊரா ஜனங்க மனுவோட வந்து நிப்பாங்க. பதிவேடெல்லாம் ஒரு பீரோவுல இருக்கும். அந்த பீரோ சாவி எங்கிட்ட.

அன்னைக்கு எட்டரைக்கே ஆரம்பம்னு உத்தரவு. ஏழு நாப்பதுல ஏறினேன். வண்டி பாலத்துக்கு முன்னாடி நின்னுச்சு. சரி, படகு போகுது, பத்து நிமிஷம்னு இருந்தேன். இருபது ஆச்சு. படகெல்லாம் போயிருச்சு, என் கண்ணால பாத்தேன். பாலத்தையும் இறக்கிட்டானுங்க. சிக்னல் மட்டும் மாறல. முப்பது நிமிஷம். நாப்பது நிமிஷம். 'பிலோமி, உம் புருஷன் என்ன புடுங்கறான் அங்க'ன்னு கேட்டேன். அவ எட்டிப் பாத்துட்டு, 'கீழ இறங்கி டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா'ன்னா. பட்டப்பகல்ல டார்ச். ஐம்பது நிமிஷம் கழிச்சு வண்டி கிளம்புச்சு, நத்தை மாதிரி. நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தப்ப அதிகாரி நாற்காலியில உட்கார்ந்திருக்காரு. முந்நூறு ஜனம் வெயில்ல நிக்குது. பீரோ பூட்டியிருக்கு. அம்புட்டுப் பேரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. தாசில்தார் கைய மட்டும் நீட்டினாரு, சாவிக்கு.

ஆறு இருபதுக்கு ஒரு வண்டி இருக்கேன்னு கேக்குறியா? தாசில்தாரும் அதத்தான் கேட்டாரு. இருக்கு. அது மீன்கூடைக்காரிங்க போற வண்டி. அதுல ஏறி ஜமாபந்திக்குப் போனா அதிகாரி முன்னாடி நான் எப்படி நிக்கறது? சாவிய முந்தின நாள் சாயங்காலமே கொடுத்துட்டு வந்திருக்கலாம்ங்கறாங்க. என் பொறுப்புல இருக்கற சாவிய நான் ஏன் இன்னொருத்திகிட்ட கொடுக்கணும்?

மெமோ கொடுத்துட்டாங்க. பட்டியல்லேர்ந்து பேரு போச்சு. எனக்கு ஆறு வருஷம் இளையவ கனகவேணி, அவளுக்கு பதவி. ஃபைல் கட்டத் தெரியாம எங்கிட்ட கத்துக்கிட்டவ. அவ ஜாங்கிரி கொண்டு வந்து மேசை மேசையா வச்சா. நான் ஜாங்கிரிய வாயில போட்டுக்கிட்டு சிரிச்சேன். அந்த ஜாங்கிரி தொண்டையில இறங்கினப்ப நான் நினைச்சது ஒரே பேருதான். சூசைரத்தினம்.

பிலோமிகிட்ட சொன்னேன். 'உம் புருஷன் ஐம்பது நிமிஷத்துல என் இருபத்தெட்டு வருஷத்தத் தின்னுட்டான்.' அவ அழுதா. என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் குரலத் தாழ்த்திச் சொன்னா.

'அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னைக்குப் பாலத்த இறக்கறப்ப டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சாம். அவரு இறங்கிப் பாத்திருக்காரு. அந்தத் துண்டு மடங்குற இடத்துல இரும்புக் கீல் இருக்குல்ல, அதுல விரிசல். மயிரிழை மாதிரி இருந்துச்சாம். அதான் வண்டிய விடப் பயந்துக்கிட்டு நின்னாரு. அன்னைக்கே மேல எழுதிட்டாரு. இதுவரைக்கும் மூணு தடவ எழுதிட்டாரு. சின்ன இன்ஜினியரு, கிரீஸ் போடு, பெயிண்ட் அடி, ஊரக் கிளப்பாதன்னு திட்டுறாராம். ஒவ்வொரு தடவ வண்டி போறப்பவும் அவரு பாலத்துக்கு அடியிலயே நிக்கிறாரு அக்கா. சோறு இறங்க மாட்டேங்குது அவருக்கு.'

நான் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன். அவளே சொன்னா, 'நீங்க அரசாங்கத்துல இருக்கீங்க. எப்படி எழுதினா படிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவரு எழுதறது யாருக்கும் புரியல போல. அவருக்காக நீங்க ஒரு மனு எழுதுங்கக்கா.'

அவளாத்தான் கேட்டா. நானாப் போகல.

எழுதினேன். ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இன்னைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. 'மேற்படி பாலத்தின் கீல் பகுதியில் விரிசல் ஏற்பட்டுள்ளதை அறிந்திருந்தும், பால மேஸ்திரி சூசைரத்தினம் என்பவர் அதை மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்து, தினசரி எண்ணூறு பயணிகளின் உயிருடன் விளையாடி வருகிறார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அப்படித்தான் எழுதணும்மா. மனுன்னா அதுல ஒரு குற்றவாளி இருக்கணும். பாலத்துல விரிசல்னு மட்டும் எழுதினா எவனும் படிக்க மாட்டான். இன்னாரு தப்பு பண்றாருன்னு எழுதினா அன்னைக்கே ஃபைல் நகரும். இருபத்தெட்டு வருஷமா மனு வாங்கறவ நான், எனக்குத் தெரியாதா?

ஒட்டறதுக்கு முன்னாடி கவர பிலோமிகிட்ட காட்டினேன். 'படிச்சுக் காட்டவா?'ன்னு கேட்டேன். 'வேணாங்கக்கா, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்'னா. கேட்டேன்ல? நான் கேட்டேன். அவதான் வேணாம்னா. தபால் ஆபீஸ்ல அவளேதான் கொண்டு போய்ப் போட்டா. கலெக்டருக்கு ஒண்ணு, ரயில்வே பெரிய அதிகாரிக்கு ஒண்ணு, பேப்பர்காரனுக்கு ஒண்ணு.

பத்தே நாள். ட்ராலியில ஏழெட்டு அதிகாரிங்க வந்தாங்க, ஏதோ மெஷின வச்சுத் தட்டிப் பாத்தாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பாலத்த மூடு, இனிமே ஒரு வண்டியும் போகக்கூடாதுன்னுட்டாங்க. செம்பாக்கோட்டைக்கு வேலைக்குப் போனவங்க, படிக்கப் போன பசங்க, மீன்கூடைக்காரிங்க, எல்லாரும் அந்தப் பக்கத்துலயே மாட்டிக்கிட்டாங்க. லாரியிலயும் டெம்போவுலயும் ஏறி ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தாங்க. மறுநாள் பேப்பர்ல என் போட்டோ. 'எண்ணூறு உயிரைக் காத்த தாலுகா ஆபீஸ் பெண்மணி.' ரயில் ஜன்னல்லேர்ந்து விரிசலக் கண்ணால பாத்ததா எழுதியிருந்தான். நான் அப்படிச் சொல்லவே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டான், தினமும் அந்த வழியாத்தானே போறேன்னு சொன்னேன். மீதிய அவனாப் போட்டுக்கிட்டான். போட்டோ நல்லா வந்திருந்துச்சு.

வர்த்தக சங்கத்துல சால்வை போத்தினாங்க. பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிட்டாங்க. தாசில்தார் எந்திரிச்சு நின்னு, 'வாங்க தங்கபுஷ்பம்'னாரு. எந்திரிச்சு நின்னாரும்மா. ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்தத்துல கலெக்டர் கையால நற்சான்றிதழ்னு உத்தரவு வந்துச்சு. அது இருந்தா பழைய மெமோவ ரத்து பண்ணிடலாம்னு ஹெட் கிளார்க் காதுல சொன்னாரு.

அதே வாரம் சூசைரத்தினத்த சஸ்பெண்ட் பண்ணினாங்க.

ஊர்ல உள்ளவங்களுக்கு அதெல்லாம் கண்ணுல படல. ரயில் போச்சு, அது ஒண்ணுதான். பழச ரிப்பேர் பண்ண முடியாது, புதுப்பாலம்தான் கட்டணும், வருஷக்கணக்காகும்னு சொன்னதும் எம்மேல பாஞ்சாங்க. மீன்காரிங்க, பஸ்ல கூடைய ஏத்த மாட்டேங்கறான்னு, என் வீட்டு வாசல்ல மீன் குடலக் கொட்டிட்டுப் போனாங்க. காலேஜ் பசங்க என் காம்பவுண்டு சுவத்துல கரியால எழுதினானுங்க, 'செம்பாக்கோட்டை பாசஞ்சர் இங்கே நிற்கும்'னு. நான் சுண்ணாம்பு அடிச்சேன். மறுபடியும் எழுதினானுங்க. இந்த எண்ணூறு பேரையும் காப்பாத்தினது யாரு? பாலம் இடிஞ்சு கழியில விழுந்திருந்தா குடலக் கொட்ட ஆளு இருந்திருக்குமா? நன்றி கெட்ட ஜனம். அதோ முன்னாடி பச்சைப் புடவை நிக்கிறாளே, பாரு, திரும்பிப் பாத்துட்டு மூஞ்சிய எப்படித் திருப்பிக்கறா. பாக்கட்டும்.

விசாரணைக்கு நாள் குறிச்சாங்க. முனைப்பட்டு ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்லதான். நானும் சாட்சி. விசாரணைக்கு முந்தின நாள் காலையில பிலோமி வீட்டுக்கு வந்தா. மனுவுல என்ன எழுதியிருக்குன்னு அதுக்குள்ள அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. சண்டை போடுவான்னு நினைச்சேன், போடல. நின்னுக்கிட்டே பேசினா.

'அக்கா, அவரு எழுதின மூணு கடுதாசியும் ஆபீஸ்ல இல்லையாம். வரவே இல்லன்னு சின்ன இன்ஜினியரு சொல்றாரு. பாலத்துல இருந்த நோட்டுலயும் எழுதி வச்சிருந்தாரு, அந்த நோட்டயும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவரு மறைக்கலன்னு சொல்ல உங்கள விட்டா ஆளு இல்ல. நான் பொண்டாட்டி, நான் சொன்னா எடுபடாது. பிலோமி எங்கிட்ட ஜூன் மாசமே சொன்னா, புருஷன் மூணு தடவ எழுதியிருக்கான்னு சொன்னா, அது மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்.'

நான் என்ன சொல்றது? 'இது ஆபீஸ் விஷயம் பிலோமி, விசாரணைக்கு முன்னாடி நாம பேசறதே தப்பு'ன்னேன். சட்டப்படி அது சரிதான். யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு.

மறுநாள் போனேன். விசாரணை அதிகாரி வெளியூர்க்காரரு, கண்ணாடி போட்ட நிதானமான மனுஷன். சின்ன இன்ஜினியர் ஒரு மூலையில. சூசைரத்தினம் எதிர்ல நிக்கிறான், வெள்ளச் சட்டை போட்டு, கைய முன்னாடி கட்டிக்கிட்டு. அதிகாரி கேட்டாரு, 'விரிசல் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?'

நான் யோசிச்சுப் பாத்தேன். பிலோமி சொன்னான்னு சொன்னா, அவன் பொண்டாட்டியே வெளிய சொல்றான்னா மறைக்கலன்னு ஆயிரும். மூணு தடவ எழுதினது தெரிஞ்சும் மறைச்சான்னு நான் எழுதினேன்னு ஆயிரும். அப்புறம் நற்சான்றிதழ் எங்க? மெமோ ரத்து எங்க? ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஆறு நாள்தான் இருந்துச்சு.

'ரயில் ஜன்னல் வழியா பாத்தேன் சார்.'

'ஓடுற வண்டியிலேர்ந்தா?'

'பாலத்துல மெதுவாத்தான் போகும் சார்.'

'கீல் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிறது. ஜன்னலிலிருந்து தெரியுமா?'

'எனக்குத் தெரிஞ்சுது சார்.'

அவரு பேனாவ வச்சுட்டு என்ன ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்புறம், 'மேஸ்திரியோ அவரது குடும்பத்தினரோ, புகார் எழுதியிருப்பதாக உங்களிடம் எப்போதாவது சொன்னதுண்டா?'ன்னு கேட்டாரு.

'இல்ல சார்.'

எழுதிக்கிட்டாரு. சூசைரத்தினம் வாயே திறக்கல. நான் பொய் சொல்றேன்னு கத்தியிருக்கலாம்ல? கத்தல. தரையப் பாத்துக்கிட்டு நின்னான். மடியில கனம் இல்லாதவன் அப்படி நிப்பானா? அதனாலதான் எனக்கு இன்னைக்கும் சந்தேகம், உண்மையிலயே அந்தக் கடுதாசியெல்லாம் எழுதினானா இல்லையான்னு. பிலோமி சொன்னதுதானே? நான் பாத்தேனா?

எங்க வீட்டுக்காரரு கூட்டுறவு சங்கத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. அதிகம் பேச மாட்டாரு. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடறப்ப நடந்ததச் சொன்னேன். ரசத்த ஊத்திக்கிட்டே, 'நீ எப்ப ஜன்னல் பக்கம் உட்கார்ந்த?'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். நான் மோர எடுக்க உள்ள போனேன், அவரும் அதுக்கப்புறம் கேக்கல. இப்ப மோர் வேணுமா, கரண்ட் பில்லு கட்டியாச்சா, இம்புட்டுத்தான் எங்க பேச்சு. வயசானா எல்லா வீட்லயும் அப்படித்தான் இருக்கும்.

நற்சான்றிதழ் வந்துச்சு. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன். மெமோ ரத்தாச்சு. அடுத்த பட்டியல்ல துணை தாசில்தார். சூசைரத்தினத்த மேஸ்திரி வேலையிலேர்ந்து இறக்கி, எங்கயோ வடக்க ஒரு ரயில்வே கேட்டுக்கு கேட்கீப்பரா அனுப்பினாங்க. சின்ன இன்ஜினியருக்கு ஒண்ணும் ஆகல. பிலோமி தையல் கடைய விட்டுட்டு இங்கயே வீட்ல தச்சா. பஸ்ல நாலு மணி நேரம் போய் வந்து எவ தைப்பா? நாலஞ்சு தெரு தள்ளித்தான் வீடு. மூணு வருஷத்துல ஒரு தடவகூட அவ என் தெரு வழியா வரல. சர்ச்சுக்கு என் தெரு வழிதான் பக்கம். அவ சுத்திக்கிட்டுப் போவா.

வேணும்னா நான் போய்ப் பேசியிருக்கலாம்ங்கிறியா? நான் ஏன் போகணும்? வயசுல மூத்தவ யாரு?

இரு, இன்னும் முடியல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன், கேட்டு திறக்கற சத்தம். சூசைரத்தினம். மூணு வருஷத்துல ஆளு பாதியாப் போயிட்டான். தலை முழுக்க நரை. ரிட்டயர் ஆயிட்டானாம், தூத்துக்குடியில மக வீட்டோட போய் இருக்கப் போறாங்களாம். சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. பிலோமி கேட்டுக்கு வெளியவே நிக்கிறா, தெருவப் பாத்துக்கிட்டு.

நான் எந்திரிச்சேன். எனக்குத் தெரியும் எதுக்கு வந்திருக்கான்னு. மூணு வருஷமா பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவன் ஒரு வார்த்த கேட்டா நான் பத்து கேப்பேன். என் இருபத்தெட்டு வருஷத்தக் கேப்பேன், அந்த ஐம்பது நிமிஷத்தக் கேப்பேன்.

'மேடம், ஊரவிட்டுப் போறோம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்'னான்.

'சொல்லு'ன்னேன்.

'பழைய பாலத்தப் பிரிச்சப்ப நான் லீவு போட்டுட்டுப் பாக்க வந்தேன். அந்தக் கீல வெட்டி எடுத்துக் கரையில போட்டிருந்தாங்க. வெளிய பாக்க மயிரிழதான் மேடம். உள்ள என் சுண்டுவிரல் போகுது. விட்டுப் பாத்தேன். இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்காது. காலையில ஏழு நாப்பதுதான் கூட்டம் ஜாஸ்தியா போற வண்டி, அதுலதான் போயிருக்கும். அதுல எம் பொண்டாட்டி இருந்தா. நீங்க இருந்தீங்க. நான் மூணு தடவ எழுதினேன், யாரும் வரல. நீங்க ஒரு தடவ எழுதினீங்க, வந்துட்டாங்க. எப்படி எழுதினீங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது கிடக்கட்டும். ஒரு ஆளும் சாகல. அந்தக் கேட்டுல தனியா உட்கார்ந்திருந்தப்ப நான் இதத்தான் நினைச்சுக்குவேன். நிம்மதியா சோறு இறங்குச்சு மேடம். அதச் சொல்லணும்னு தோணுச்சு.'

சொல்லிட்டு என்னப் பாத்துக் கும்பிட்டாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன திமிர் இருந்தா என் வீட்டு வாசல்ல வந்து என்னக் கும்பிடுவான்? திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன். சாபம் விட்டிருந்தாக்கூட வாங்கிட்டு உள்ள போயிருப்பேன். எனக்கு நன்றி சொல்ல அவன் யாரு? நான் கேட்டனா? 'போ வெளிய'ன்னு கத்தினேன். எங்க வீட்டுக்காரரு உள்ளேர்ந்து வந்து நிலைப்படியில நின்னாரு. என்னப் பாக்கல. அவரு செருப்பக்கூட மாட்டாம இறங்கிப் போயி சூசைரத்தினத்தோட கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டு வரைக்கும் போனாரு. மூணு வருஷத்துல எங்கிட்ட பேசினத விட அந்தப் பத்தடியில அவன்கிட்ட அதிகம் பேசினாரு. என்ன பேசினாருன்னு எனக்குக் கேக்கல.

நானும் கேட்டு வரைக்கும் போனேன். பிலோமி அங்கயே நின்னா. ஏதாவது சொல்லணுமேன்னு, 'உள்ள வா பிலோமி, காப்பி குடிச்சுட்டுப் போ'ன்னேன். நானாத்தான் கூப்பிட்டேன், பாரு, நானா.

அவ என் மூஞ்சியப் பாத்தா. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. அளவெடுக்கறப்ப பாப்பாளே, அந்த மாதிரி.

'இவரு உங்கள மன்னிச்சுட்டாரு. அது அவரு குணம். நான் மன்னிக்கல. கவர ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டவான்னு கேட்டீங்கள்ல, அப்ப நான் சரின்னு சொல்லியிருந்தா என்ன படிச்சிருப்பீங்க?'ன்னு கேட்டா.

நின்னு பதில் கேக்காம அவ வண்டியில ஏறிட்டா.

என்ன கேள்வி இது? இல்லாத ஒண்ணக் கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ டீச்சரு, நீ சொல்லு. இதெல்லாம் ஒரு கேள்வியா?

சரி, சொல்ல வேணாம். நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட. திரும்பிக்க.

புதுப்பாலம் முடிஞ்சிருச்சு. இது மோட்டார்ல நேரா மேல தூக்குறது, லிப்டு மாதிரி, அஞ்சே நிமிஷம். அடுத்த மாசம் ரயில் விடறாங்க. முதல் வண்டியில நான் வரணும்னு வர்த்தக சங்கத்துலேர்ந்து கார்டு வந்திருக்கு. நான் போகல. முதல் வண்டியிலயும் போகல, அதுக்கப்புறமும் போகல. இந்த ரெண்டு மணி நேர பஸ்ஸே எனக்குப் போதும். ரயில்ல அந்த லேடீஸ் பெட்டி இருக்கே, எதிரும் புதிருமா பெஞ்சு போட்டிருப்பான். முட்டியோட முட்டி இடிக்கும். இருபத்திரண்டு நிமிஷமும் எதிர்ல உட்கார்ந்திருக்கறவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே போகணும், அவளும் நம்மளப் பாத்துக்கிட்டே வருவா. பஸ்ல அந்தத் தொல்லை கிடையாது. எல்லாரும் முன்னாடி பாத்துத்தான் உட்காருறாங்க.